கை நனைத்த வீடு

கடப்பாக்கம்
14-2-2024

அன்புள்ள அண்ணிக்கு,

சந்திரம்மா எழுதுகிறேன். இங்கே நான், என் வீட்டுக்காரர் சதாசிவம், சுஜாதா மூவரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். உங்கள் சர்க்கரை இறங்கியதா? ஷ்யாம் ஒழுங்காகப் படிக்கிறானா?

போனில் பேசினால் எனக்குப் பாதிதான் காதில் விழும். மீதியை நானாகப் போட்டுக்கொண்டு சண்டைக்கு வருவேன் என்று நீங்களே சொல்வீர்கள். இந்தச் சண்டையை முழுசாகப் போடவேண்டும் என்றுதான் கடிதம் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சுஜாதாவைப் பெண் பார்க்கப் படாளத்திலிருந்து வந்தார்கள். பையன் சரவணகுமார் நல்ல பிள்ளை, தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். எனக்குப் பயமெல்லாம் தாய்மாமன் வரவேண்டுமே என்றுதான். அண்ணன் வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் காலடியில் வைத்துவிட்டார். கேசரி, பஜ்ஜி, காபி, எதையும் தொடவில்லை. "இப்பத்தான் சாப்ட்டு வந்தேன்" என்கிறார். செங்கல்பட்டிலிருந்து இங்கே வருவதற்குள் யாருக்கும் பசிக்கும். பையன் வீட்டார் சாப்பிட்டார்கள், வந்த டிரைவர் சாப்பிட்டார், கூடப் பிறந்தவர் சாப்பிடவில்லை.

போகும்போது பையனின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னாம்மா, மாமன் கைய நனைக்கவே இல்லியே? அவருக்கு இஷ்டமில்லியா?" என்று கேட்டார். சம்மதம் இல்லாத வீட்டில்தானே அண்ணி கை நனைக்கமாட்டார்கள்? வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன்.

என் வீட்டில் சாப்பிடக்கூடாது என்று யாராவது சொல்லி அனுப்பினார்களா என்பது மட்டும் எனக்குத் தெரியவேண்டும். யாரென்று நான் சொல்லமாட்டேன். பதில் போடுங்கள்.

உங்கள் நாத்தனார்,
சந்திரம்மா


செங்கல்பட்டு
22-2-2024

பிரியமுள்ள சந்திராவுக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் இங்கே இருக்கிறோம். சர்க்கரை ஏறுகிறது, இறங்குகிறது, அதற்கு அதுதான் வேலை. சதாசிவத்தையும் சுஜாதாவையும் கேட்டதாகச் சொல்.

நீ பையன் வீட்டாரிடம் சொன்னது பொய்யில்லை. உன் அண்ணனுக்கு வயிறு சரியில்லைதான். கொஞ்ச நாளாக எண்ணெய், உப்பு எல்லாவற்றையும் டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கிறார். வெளியில் எங்கே போனாலும் இப்படித்தான். உன் வீடு என்று தனியாக ஒன்றுமில்லை.

யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. படாளத்துக்காரர்களிடம் மாமனுக்கு முழுச் சம்மதம் என்று அவரையே போனில் பேசச் சொல்கிறேன். நீ மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
லதா


கடப்பாக்கம்
10-3-2024

அண்ணனுக்குச் சந்திரா எழுதுவது,

உடம்பு எப்படி இருக்கிறது? அண்ணியின் கடிதம் பார்த்தேன். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார் என்று எழுதியிருந்தார்கள். ஒரு வாய் தண்ணீரையுமா குறைக்கச் சொன்னார்?

சரி, போகட்டும். நம் ஊர்க்காரர் ஓட்டும் மீன் வண்டியில் ஒரு கூடை அனுப்பியிருக்கிறேன். வஞ்சிரக் கருவாடு நானே உப்பு பிடித்துக் காயவைத்தது. நீ சின்ன வயசில் அடுப்பில் சுடுவதற்கு முன்பே ஒரு துண்டைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டு ஓடுவாயே, அதே ருசி. தேங்காயும் இருக்கிறது. கிணற்றோரம் இருக்கும் செவ்விளநீர் மரம் இந்த வருஷம் சரம் சரமாகக் காய்த்திருக்கிறது. நீ வந்தால்தான் வெட்டுவது என்று விட்டுவைத்திருக்கிறேன்.

அன்றைக்கு வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு வந்தாயே, எதற்கு? கம்பெனியில் பஸ்ஸெல்லாம் உன் பொறுப்பில் விட்டதும் பெரிய ஆபீசர் ஆகிவிட்டாயா? சுஜாதா கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு இருப்பது நீ ஒருத்தன். அதை மறக்காதே.

சந்திரா


செங்கல்பட்டு
2-4-2024

சந்திராக் குட்டிக்கு அண்ணன் எல்லப்பன் எழுதுவது,

இங்கே எல்லாரும் ஜோராக இருக்கிறோம். பதில் போடத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே, கோபித்தால் உனக்கு மூக்கு புடைக்கும், மாப்பிள்ளை வீட்டார் பயந்துவிடுவார்கள்.

கூடை வந்தது. கருவாட்டை ஒரே வாரத்தில் முடித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசனையில் தூங்கவில்லை. நீ போட்ட உப்புக்கு இந்த உலகத்தில் ஈடு கிடையாது.

முழுக்கைச் சட்டை ஷ்யாம் வாங்கிக் கொடுத்தது. பிள்ளை ஆசைப்பட்டால் போட்டுத்தானே ஆகவேண்டும்? படாளத்துச் சம்பந்தியிடம் பேசினேன். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். ஆனால், "நேர்ல வந்து ஒரு வாய் சாப்ட்டாத்தான் எங்க வூட்டு பொம்பளைங்களுக்கு மனசு ஆறும்" என்று சொன்னார். வருவேன். நிச்சயத்தன்று உன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவேன். தாய்மாமன் வாக்கு.

உன் காது எப்படி இருக்கிறது? மிஷின் வைத்துக்கொள்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்திருக்கிறாயா?

உன் அண்ணன்


செங்கல்பட்டு
5-4-2024

அன்புள்ள சங்கரி அக்காவுக்கு,

திருச்சியில் வெயில் ஆரம்பித்திருக்கும். அத்தானுக்கு முட்டிவலி பரவாயில்லையா? இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நான் சொல்லப்போவது அவர் காதில் விழக்கூடாது. இரண்டு அறை வீட்டில் எங்கே நின்று பேசுவது?

அக்கா, அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. பிரஷர் மாத்திரையை வருஷக்கணக்கில் போடாமல் ஏமாற்றியதும், முதுகுவலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கிப் போட்ட மாத்திரைகளும் சேர்ந்து இப்படிச் செய்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி ஆஸ்பத்திரியில் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே விடுகிறார்கள். அதற்காகக் கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்த இடம் புடைத்திருப்பதை மறைக்கத்தான் எப்போதும் முழுக்கைச் சட்டை. காபி, ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் தண்ணீர். தாகம் தாங்காமல் ஐஸ் கட்டியை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வீட்டில் சமாளித்துவிடுகிறார். காயை வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டி, சாரமில்லாமல் ஒரு கூட்டு வைக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிடுகிறார். வெளியே போனால்தான் கஷ்டம். எந்த வீட்டுப் படியேறினாலும் முதலில் சொம்புதான் வருகிறது. சாயங்காலம் சிங்கப்பெருமாள் கோயில் டீக்கடையில் பஜ்ஜியோடு கூடுகிற கூட்டத்தை விட்டுவிட்டார். "ஒண்ணே ஒண்ணு எட்த்துக்கோ மச்சான், இன்னா ஆயிடப்போவுது?" என்று வாயிலேயே ஊட்டுவார்களாம். போகவில்லை என்றதும் பெரிய மனுஷன் ஆகிவிட்டான் என்று பேசுகிறார்கள்.

கருவாடு கூடாது, கீரை கூடாது, வாழைப்பழம் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல் இளநீர். டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "இளநீர்ல இருக்கிற உப்புச்சத்து இவர் உடம்புல தங்கிடும்மா. ஒரேயடியா இதயத்தை நிறுத்திடும். மத்தவங்களுக்கு மருந்து, இவருக்கு விஷம்." சந்திராவுக்கு இருப்பதோ தென்னந்தோப்பு.

அவளிடம் சொல்லிவிடுவோம் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். ஷ்யாம் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவருக்கு மாற்றி வைக்க என் சிறுநீரகம் சர்க்கரையால் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். சந்திராவுக்குத் தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து, "என்னோடத எட்த்துக்கோ" என்று படுத்துவிடுவாள். சின்ன வயதில் இவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தபோது, போகாதே என்று சொல்லியும் அண்ணன் பக்கத்திலேயே படுத்தாளாம். அவளுக்கும் தொற்றிக் காது போனது. "அவ காத நான் எட்த்துக்கினது போதாதா லதா? கிட்னியும் எட்த்துக்கணுமா?" என்கிறார்.

அவள் ஆசையாக அனுப்பிய கருவாட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். அவளோ என்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். திட்டட்டும் அக்கா. எனக்குப் பயமெல்லாம் நிச்சயதார்த்தத்தை நினைத்துத்தான். பதில் எழுதாதே, அவர் கையில் கிடைத்துவிடும்.

லதா


கடப்பாக்கம்
28-4-2024

அண்ணிக்கு,

எல்லாரும் சுகம்தானே? எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, மரியாதையைத் தவிர.

நேற்று மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணம். அண்ணனின் பழைய கூட்டாளி தமிழ்வாணன் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "உங்கண்ணாத்த குட்த்த கருவாடு சூப்பருமா, நீதான் போட்டியாமே!" என்றார். பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். சிரித்து வைத்தேன். ஒரே வாரத்தில் தானே முடித்துவிட்டதாக அண்ணன் எனக்கு எழுதியிருந்தார். அவர் இதுவரை என்னிடம் பொய் சொன்னது கிடையாது. இப்போது சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறார். யார் கற்றுக்கொடுத்தது அண்ணி?

"அவன் இப்பல்லாம் எங்கிட்டயே நின்னு பேசறதில்ல, வீட்டம்மா கண்டிஷன்" என்றும் தமிழ்வாணன் சொன்னார். வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள்தான் நிற்கிறீர்கள். எங்கள் வீட்டுச் சோறும் கருவாடும் உங்களுக்கு நாற்றமாக இருக்கலாம். அவர் அதில்தான் வளர்ந்தார்.

நிச்சயம் ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. பையனின் அத்தை இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார். மாமன் அன்றைக்கும் கை நனைக்கவில்லை என்றால் தட்டு மாற்றமாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சுஜாதா அந்தப் பையனிடம் தினமும் போனில் பேசுகிறாள், மனதில் வைத்துவிட்டாள். அண்ணன் வந்தால் சாப்பிடவேண்டும். சாப்பிட விடமாட்டீர்கள் என்றால் இரண்டு பேரும் வரவேண்டாம். தாய்மாமன் செத்துப்போய்விட்டான் என்று சொல்லி நடத்திக்கொள்கிறோம்.

சந்திரம்மா


செங்கல்பட்டு
20-5-2024

சந்திராவுக்கு,

நிச்சய வேலையில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மிஷினைக் காதில் வைத்துக்கொள்.

உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. கடைசி வரியை நீயே கிழித்துப் போட்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறேன்.

வருகிறோம். உன் அண்ணன் சாப்பிடுவார். இலையில் கொஞ்சம் சோறு, கொஞ்சம் ரசம், அவ்வளவு போதும். கை நனைந்தால் சரிதானே? தண்ணீரைச் சொம்பில் கொடுக்காதே, சின்ன டம்ளரில் கொடு. கீரை வைக்காதே. அதற்குமேல் ஊற்றாதே, போடாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொன்று. இளநீர் மட்டும் கொடுக்காதே. இளநீர் வேண்டவே வேண்டாம்.

ஏன் என்று கேட்காதே. ஒரு நாள் சொல்கிறேன். அதுவரை நான்தான் நடுவில் நிற்கிறேன் என்றே வைத்துக்கொள். எனக்கு வருத்தமில்லை.

லதா


கடப்பாக்கம்
9-6-2024

என் அண்ணனுக்கு,

நீ பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். வந்த ஜனமெல்லாம் போய்விட்டது, பாத்திரம் கழுவும் சத்தம்தான். எனக்கு அதுகூட இன்றைக்கு மேளம் மாதிரி இருக்கிறது. காலையில் முதல் வேலையாக இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிடுவேன்.

படாளத்தார் எதிரில் உட்கார்ந்து நீ இலையை வழித்துச் சாப்பிட்டாயே, அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சாம்பார், கீரைக் கூட்டு, பாயசம் இரண்டு தரம். அந்தச் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டு, "கை நனைஞ்சிடுச்சி சம்பந்தி, போதுமா?" என்று கேட்டாய். பையனின் அத்தை முகத்தைப் பார்த்தாயா? தட்டு மாற்றியதும் சுஜாதா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அண்ணி உள்ளே சுஜாதாவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நாம் தோப்புக்கு நழுவினோமே, அதுதான் எனக்கு நிச்சயதார்த்தம். செவ்விளநீர் மூன்று. ஒன்று குடித்ததும் வேண்டாம் என்று கையை ஆட்டினாய். "எனக்காவ இன்னும் ஒண்ணு" என்றேன். என் முகத்தையே பார்த்தாய். பிறகு நீயாகத்தான் கையை நீட்டினாய். மூன்றாவதைக் கேட்டதும் நீதான். இளநீர் கொடுக்காதே என்று அண்ணி எனக்குக் கடிதமே போட்டிருந்தார்கள் தெரியுமா? அவர்களிடம் காட்டிக்கொடுத்துவிடாதே. கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது, அவர்களும் நல்லவர்கள்தான்.

உன் கண் ஏன் கலங்கியது? வெயில் என்றாய். தோப்புக்குள் எங்கே வெயில்?

கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடு. மரத்தில் இன்னும் சரம் இருக்கிறது.

உன் சந்திரா


கடப்பாக்கம்
21-7-2024

அண்ணி,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. ஷ்யாம் சாப்பிடுகிறானா? நீங்கள் மாத்திரை போடுகிறீர்களா?

அந்தத் திங்கட்கிழமை காலையில் நான் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். சதாசிவம் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். அவர் சொன்னது என் காதில் விழவில்லை. வாயசைவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்கும். பிரித்தீர்களா?

குளிப்பாட்டும்போது அண்ணன் கையைப் பார்த்தேன். கயிறு முறுக்கிய மாதிரி புடைத்திருந்தது. ஷ்யாமைக் கேட்டேன், அவன்தான் எல்லாவற்றையும் சொன்னான். அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். ஏன் அண்ணி என்னிடம் சொல்லவில்லை? எனக்கு இரண்டு இருக்கிறதே. ஒன்றைக் கொடுத்திருக்கமாட்டேனா?

இப்போது கேட்கப்போவதைக் கேட்காமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். மருந்துக்கடைக்காரரிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். சிறுநீரகம் போனவர்களுக்கு இளநீர் ஆகாது, நெஞ்சு நின்றுவிடும் என்றார். நீங்கள் வேண்டவே வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் மூன்று கொடுத்தேன். எனக்காக என்று சொல்லிக் கொடுத்தேன்.

என் கையாலேயே கொன்றுவிட்டேனா அண்ணி?

தோப்புப் பக்கம் நான் போவதில்லை. அந்த மரத்தை வெட்டச் சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொன்ன ஆள் வரவில்லை. ஆவணியில் கல்யாணம் வேண்டாம் என்கிறேன், யாரும் கேட்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

சந்திரம்மா


செங்கல்பட்டு
18-8-2024

என் பிரியமான சந்திராவுக்கு,

நானும் ஷ்யாமும் இருக்கிறோம். அவன் வேளைக்குச் சாப்பிடுகிறான். நான் மாத்திரை போடுகிறேன். உன் கேள்விக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். தாமதத்துக்கு மன்னித்துவிடு.

இல்லை சந்திரா. உன்னால் இல்லை.

மருந்துக்கடைக்காரர் பொதுவாகச் சொல்லியிருக்கிறார். உன் அண்ணனைப் பார்த்த டாக்டர் இளநீருக்குத் தடை சொல்லவே இல்லை. அவர் இதயம் முன்பே பலவீனமாக இருந்தது, என்றைக்கு வேண்டுமானாலும் நிற்கலாம் என்று தையிலேயே சொல்லிவிட்டார்கள். அது ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் நிற்காமல் திங்கட்கிழமை என் வீட்டில் நின்றது. அவ்வளவுதான்.

அப்படியானால் இளநீர் வேண்டவே வேண்டாம் என்று ஏன் எழுதினேன் என்று கேட்பாய். நீ சித்திரையில் எழுதினாயே, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள்தான் நிற்கிறீர்கள் என்று. அது நிஜம். பொறாமை. நான் சாரமில்லாத கூட்டை வைத்துக்கொண்டு தினமும் அவரோடு மல்லுக்கட்டுவேன். நீ ஒரு இளநீரைச் சீவிக் கொடுத்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதினேன். உனக்குக் கோபம் வந்தால் என்னைத் திட்டு, எனக்குப் பழக்கம்தான்.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் உன் காது. அதைத் தான் வாங்கிக்கொண்டதாகக் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். இன்னொன்றை உன்னிடமிருந்து வாங்கமாட்டேன் என்று பிடிவாதம்.

அவருக்கு நீ எழுதிய கடிதம் வந்தது, பிரித்தேன். நீங்கள் தோப்புக்கு நழுவியது எனக்குப் புதிதில்லை. மதுராந்தகம் தாண்டியதும் அவரே சொல்லிவிட்டார். "திட்டாத லதா. ரொம்ப நாள் கழிச்சி இன்னிக்குத்தான் எந்தங்கச்சி எங்கிட்ட சிரிச்சா" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நான் திட்டவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஈரமாக இருந்தது.

மரத்தை வெட்டாதே. ஆள் வந்தால் திருப்பி அனுப்பிவிடு. கல்யாணத்தை நிறுத்தாதே. அவர் வாக்குக் கொடுத்துச் சாப்பிட்ட சாப்பாடு அது. நான் முதல் நாளே வருகிறேன். தாலி இல்லாதவள் முன்னால் நிற்கலாமா என்று யாராவது கேட்டால், அவர்களுக்கு நீ பதில் சொல், உனக்குத்தான் வாய் உண்டு.

வந்ததும் எனக்குச் சொம்பில் தண்ணீர் கொடு. அப்புறம் கிணற்றோர மரத்திலிருந்து ஒரு செவ்விளநீர் வெட்டி, வேறு யார் கையாலும் வேண்டாம், நீயே சீவி உன் கையால் கொண்டு வந்து கொடு. நான் உன் எதிரில் உட்கார்ந்து குடிக்கிறேன்.

உன் அண்ணி,
லதா